நிற்க வைத்து நாடி பாருங்கள்

காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று எண்ணுவது உலக வழக்கம். தெர்மாமீட்டர் 98.4 என்று காட்டியதும் கஞ்சி போய் ரசம் சாதம் வந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு பெண் கல்லூரிக்கும் தகப்பனார் ஆபீஸுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் இது சரியாகவே முடிகிறது. ஆனால், காய்ச்சல் விட்ட பிறகும் வேறு ஏதோ ஒன்று விடாமல் பற்றிக்கொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய கஷ்டம் வீட்டாருக்கும் புரிவதில்லை. பல சமயங்களில் வைத்தியருக்கும் புரிவதில்லை.

அவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். காலையில் எழுந்து நின்றவுடன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் கை நடுங்குகிறது. வெந்நீரில் குளித்தால் கண் இருட்டுகிறது. ரேஷன் கடை வரிசையில் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. படுத்தால் முழுவதும் தேவலை. டாக்டரிடம் போகிறார்கள். அவர் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கிறார், சரியாக இருக்கிறது. எக்ஸ்ரே சரி, எக்கோ சரி, ரத்தமும் சரி. "ஒன்றுமில்லை, எல்லாம் பயந்தான், மனசை அலட்டிக்கொள்ளாமல் இருங்கள்" என்று சொல்லி, தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். வந்திருப்பவர் இளம் பெண்ணாக இருந்துவிட்டால் இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரத்தில் கிடைத்துவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நோயாளி சொல்லுவது நின்றால் வருகிற தொல்லையை. சோதித்ததோ படுக்க வைத்து! குளத்தில் இறங்கினால் மூச்சுத் திணறுகிறது என்பவனைக் கரையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி 'பாட்ஸ்' என்கிறார்கள். நிற்கும்போது நாடி விரையும் நோய் என்று தமிழில் சொல்லலாம். படுத்திருந்தவர் எழுந்து நின்ற 10 நிமிஷத்துக்குள் நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 30-க்குக் குறையாமல் ஏற வேண்டும். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40. ரத்த அழுத்தம் பெரிதாக விழுந்திருக்கக் கூடாது. தொல்லைகள் குறைந்தது 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். 1993-இல் அமெரிக்காவில் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷான்டார்ஃப், லோ என்ற இருவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். பல நோயாளிகளுக்கு இது ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் ஆரம்பமாகிறது என்பது அதன் பிறகு திரும்பத் திரும்பக் கவனிக்கப்பட்டிருக்கிறது.

கடிவாளமும் சவுக்கும்

காய்ச்சலுக்கும் நிற்பதற்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள, இருதயத்தை ஓட்டுகிறவன் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருதயம் தானாகவே துடிக்கும் உறுப்பு. அதன் வலது மேலறையில் ஒரு சிறு திசுக்கணு இருக்கிறது. கீத், ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் அதைக் கண்டறிந்து எழுதினார்கள். தாளம் போடுவது அந்தக் கணுதான். அதை அதன் போக்கில் விட்டுவிட்டால் நிமிஷத்துக்கு 100 தடவைக்குப் பக்கமாகத் துடிக்கும். இருதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை நேரில் பார்க்கலாம். நரம்புகள் அறுபட்டுவிட்டபடியால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர்களுடைய நாடி 90, 100 என்று ஓடும். மற்றவர்களுக்கு 70 என்று அடங்கி நடப்பதற்குக் காரணம் 'வேகஸ்' என்னும் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வந்து, கடிவாளம் போல் அது இருதயத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 'சிம்பதெட்டிக்' நரம்புகள் சவுக்கின் வேலையைச் செய்கின்றன. மனிதன் நினைக்காமலே இயங்கும் இந்த ஏற்பாடு முழுவதற்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி, ஆண்டு 1898.

நரம்பு எப்படி இருதயத்துக்கு உத்தரவிடுகிறது என்பது வெகு நாள் வரை புதிராக இருந்தது. அந்தப் புதிர் அவிழ்ந்த விதம் சுவையானது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் இருந்த ஆட்டோ லேவி என்ற பேராசிரியருக்கு ஒரு நாள் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஒரு காகிதத்தில் குறித்து வைத்தார். காலையில் பார்த்தால் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை! மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. நேரே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றோர் இருதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவாகிவிட்டது. நரம்பின் உத்தரவு ஒரு ரசாயனப் பொருளாகவே போய்ச் சேருகிறது என்பது அப்போது ருசுவாயிற்று. 1921-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்காக 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லேவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, ஒருவர் எழுந்து நிற்கும்போது நடப்பதைப் பார்க்கலாம். அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்து நாளத்திலும் மகா தமனியிலும் இருக்கிற காவற்காரர்கள் அழுத்தம் குறைவதைக் கண்டு மூளைக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கடிவாளம் தளர்கிறது, சவுக்கு லேசாக விழுகிறது, காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்த நாளங்கள் சுருங்குகின்றன. நாடி பத்துப் பதினைந்து ஏறி நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கும் இந்தச் சாகசத்தை ஒருவரும் கவனிப்பதே கிடையாது. ஆனால், கால் நாளங்களைச் சுருக்கும் மெல்லிய நரம்பு நுனிகள் பழுதுபட்டிருந்தால்? அல்லது உடலில் ரத்தத்தின் அளவே குறைந்திருந்தால்? மூளைக்கு ரத்தம் அனுப்பும் பாரம் முழுவதும் இருதயத்தின் தலையில் விழுகிறது. அது 70-லிருந்து 120-க்கும் 130-க்கும் பாய்கிறது. இருதயத்தின் மீது குற்றமில்லை. பிறர் செய்யாத வேலையையும் சேர்த்துச் செய்கிறது, பாவம்.

கிருமி செய்யும் வேலை

காய்ச்சலில் நாடி விரைவது எல்லோரும் அறிந்ததே. உஷ்ணம் பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி ஏறினால் நாடி சுமார் 10 ஏறும் என்பது உடலியல் பாடம். இந்தக் கணக்கையே புரட்டிவிடும் வைரஸ்களும் உண்டு. மஞ்சள் காய்ச்சலில் உஷ்ணம் ஏற ஏற நாடி மெதுவாகும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வைத்தியம் செய்த ஃபாஜே என்பவரின் பெயரால் இந்த அறிகுறியை இன்றும் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழக்கமான டெங்குவிலும் காய்ச்சல் இறங்கிக் குணமாகி வரும் கட்டத்தில் சிலருக்கு நாடி 50-க்கும் கீழே போய்விடுவதுண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். ஆக, வைரஸ் காய்ச்சலில் நாடியின் போக்கை உஷ்ணத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

காய்ச்சல் போன பிறகும் கோளாறு தங்கிவிடுவது எதனால்? கில்லன்-பாரே என்ற நோயைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். ஒரு தொற்று வந்து போன சில நாட்களில் அல்லது வாரங்களில் கை கால்கள் செயலற்றுப் போகும் நோய் அது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் படை, எதிரியின் சாயல் தெரிகிறதென்று சொந்த நரம்புகளையே தாக்குகிறது. தன்னியக்க நரம்புகளும் அந்தத் தாக்குதலுக்குத் தப்புவதில்லை. அத்தகைய நோயாளிகளின் நாடியும் ரத்த அழுத்தமும் திடீர் திடீரென்று ஏறி இறங்குவதால்தான் அவர்களை இரவும் பகலும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

'பாட்ஸ்' நோயிலும் இதுபோன்ற ஒரு தாக்குதல் சிறிய அளவில் நடந்திருக்கலாம் என்பது பல நிபுணர்களின் கருத்து. நோயாளிகள் சிலரின் தோலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்ததில் மெல்லிய நரம்பு நுனிகள் குறைந்திருப்பது தெரிந்தது. நரம்புச் செய்தியை வாங்கும் இடங்களைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அவர்களுடைய ரத்தத்தில் இருப்பதாகவும் ஒரு கட்சி சொல்லி வந்தது. ஆனால் 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அதே பொருள்கள் ஆரோக்கியமானவர்களிடமும் அதே அளவில் இருக்கக் கண்டார்கள். எனவே வழக்கு இன்னும் முடியவில்லை. வாரக் கணக்கில் படுத்தே கிடப்பதாலும், காய்ச்சலில் நீர்ச்சத்து வற்றிப்போவதாலும் வருகிற பலவீனம் இதோடு சேர்ந்துகொள்கிறது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

சிப்பாய்களின் கதை

காரணம் தெரியாத நோயைப் பயம் என்று சொல்லித் தள்ளுவது இன்று நேற்றைய பழக்கமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் டகோஸ்டா என்பவர் வேலை பார்த்தார். அவரிடம் வந்த சிப்பாய்களில் பலருக்கு வெளிக் காயமே இல்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு, தேறி, படைக்குத் திரும்பியவர்கள். திரும்பிய பின் மற்றவர்களோடு அணிவகுத்து நடக்க முடியாமல் மயங்கி விழுந்தவர்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றார்கள். பார்ப்பதற்கு ஆள் நன்றாகத்தான் இருந்தார்கள். டகோஸ்டா அவர்களைப் பொய்யர்கள் என்று விரட்டவில்லை. உட்கார்ந்து நாடியைப் பார்த்தார். படுத்தால் ஒரு விதமும் நின்றால் ஒரு விதமுமாக அது மாறுவதைக் குறித்துக்கொண்டார். சுமார் 300 பேரைக் கவனித்து 1871-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அவர் கண்ட சிப்பாய்களில் பலருக்கு வந்தது வைரஸ் காய்ச்சல் அல்ல. டைபாய்டு போன்றவையே அதிகம். ஆனாலும், தொற்று போன பின் இருதயத்தின் தாளம் தடம் புரளக்கூடும் என்பதை அவர் அப்போதே கண்டுவிட்டார்.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையிலும் இதே கதை ஆயிரக்கணக்கில் நடந்தது. சர் தாமஸ் லூயிஸ் இதை ஆராய்ந்து 1918-இல் ஒரு புத்தகமே எழுதினார். கட்டிலில் கிடத்தி வைப்பதைவிடப் படிப்படியான தேகப்பயிற்சி பலரைத் தேற்றுகிறது என்று காட்டியவர் அவர். அடுத்த யுத்தத்தில் காற்று மாறி அடித்தது. 1941-இல் லண்டன் டாக்டர் பால் வுட், இது இருதய நோயே அல்ல, மனக் கலக்கத்தின் விளைவு என்று முடிவு கட்டினார். பெரிய மனிதர் சொல்லிவிட்டார். வைத்திய உலகம் கேட்டுக்கொண்டது. டகோஸ்டா எண்ணிப் பார்த்த நாடியை அதற்குப் பிறகு வெகு காலம் அநேகர் எண்ணிப் பார்க்கவே இல்லை. மனக் கலக்கம் நாடியை விரைவுபடுத்தும் என்பது உண்மையே. ஆனால் அதே மனம் படுத்தால் மட்டும் ஏன் சாந்தமடைந்துவிடுகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

அதன் பலனை அனுபவித்தவர்கள் நோயாளிகள். 2019-இல் வெளியான ஒரு விசாரணையில் 4,835 நோயாளிகள் தங்கள் கதையைச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் பெண்கள். நோய்க்குப் பெயர் தெரிவதற்கே பாதிப் பேருக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடித்திருக்கிறது. மனக் கோளாறு என்று முதலில் சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர். இவர்கள் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள். ஆகவே கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்யலாம். செய்தாலும் மிஞ்சுவது கொஞ்சமல்ல.

கோவிட் கற்பித்தது

2020-இல் கோவிட் வந்தது. இந்த விஷயத்தில் அது ஒரு காரியம் செய்தது என்று சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான பேரை ஒரே வைரஸ் தாக்கியபோது, காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு படபடக்கிறது என்றவர்களின் குரலை ஒதுக்க முடியாமற் போயிற்று. டாக்டர்களும் நர்ஸுகளுமே அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நீடித்த கோவிட் என்ற பெயரைச் சூட்டியதே நோயாளிகள்தான். அமெரிக்கத் தன்னியக்க நரம்பியல் சங்கம் 2021-இல் அறிக்கை வெளியிட்டு, கோவிடுக்குப் பின் வரும் 'பாட்ஸ்' நோயை அங்கீகரித்தது. பார்சிலோனாவில் கோவிடுக்குப் பின் தொல்லை தீராமல் வந்த 200 பேரைச் சோதித்ததில் 40 பேருக்கு, உட்கார்ந்திருக்கும்போதே காரணமின்றி நாடி விரையும் வேறொரு கோளாறு இருந்தது. அவர்களிடம் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்திருந்ததற்கு அடையாளங்களும் கிடைத்தன.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்டுக்கொண்ட பிறகும் சிலருக்கு இந்த நோய் கண்டது உண்டு, மறைப்பதற்கில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் சீடார்ஸ்-சினாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் சுமார் 2,85,000 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ஊசிக்குப் பின் இந்த நோய் கொஞ்சம் கூடியது. ஆனால் கோவிட் கண்டவர்களுக்கு அது வரும் வாய்ப்பு, ஊசி போட்டவர்களுக்கு இருப்பதைப் போல் சுமார் 5 மடங்கு. இந்தக் கணக்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்துகிறவர்கள் மறுபாதியையும் படிப்பது நல்லது.

ஒரு கடிகாரம் போதும்

இந்த நோயைக் கண்டறியப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. நோயாளியை 5 அல்லது 10 நிமிஷம் அமைதியாகப் படுக்க வைக்க வேண்டும். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, 1, 3, 5, 10-ஆவது நிமிஷங்களில் மறுபடி குறிக்க வேண்டும். மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒரு ஸ்டூலும் கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும் உள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்யலாம். இல்லாதது 10 நிமிஷந்தான். வெளி நோயாளிகள் வரிசை வாசல் வரை நீளும் ஆஸ்பத்திரிகளில் அதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த பொருள். இப்போதெல்லாம் கையில் கட்டும் கடிகாரமே நாடியைக் காட்டிவிடுகிறது; அந்தக் கணக்கோடு வருகிறவர்களைச் சில டாக்டர்கள் பரிகசிக்கிறார்கள். கடிகாரம் தப்பாகவும் காட்டும். ஆனால் மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு அது போதிய காரணமல்லவா?

நிற்கும்போது நாடி விரைகிறவர்கள் எல்லோருக்கும் இதே நோய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சோகையிலும் நாடி விரையும். தைராய்டு மிகுந்தாலும் விரையும். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலியோ, மூச்சு முட்டலோ, தாளம் தப்பிய துடிப்போ, படுத்திருக்கும்போதும் மயக்கமோ இருந்தால் விஷயமே வேறு. வைரஸ் இருதயத் தசையையே தாக்கியிருக்கலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

'பாட்ஸ்' என்றே உறுதிப்பட்டால், அது உயிரை வாங்கும் நோயல்ல என்று நோயாளிக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையின் ஆரம்பம் சமையலறையில் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர்; உப்பு 10 கிராம் வரையில். உலகத்துக்கெல்லாம் உப்பைக் குறையுங்கள், 5 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று உபதேசிக்கிற வைத்தியர்கள் இவர்களுக்கு மட்டும் கூட்டச் சொல்லுகிறார்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருதய பலவீனமோ உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிட வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சிறிது நேரம் நிற்கும் சக்தி கூடுகிறது. இடுப்பு வரை இறுகப் பிடிக்கும் காலுறையும் உதவும். தேகப்பயிற்சியைப் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் தொடங்கி, மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஆனால், கொஞ்சம் உழைத்தாலே மறுநாள் எழுந்திருக்க முடியாமற் போகிறவர்களும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் உண்டு. அவர்களைப் பயிற்சி என்று சொல்லி விரட்டுவது கெடுதல். மாத்திரைகளும் இருக்கின்றன, புரோப்ரனலால், இவாபிரடின் போன்றவை நாடியைத் தணிக்கும். எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலர் மாதங்களில் தேறுகிறார்கள். சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன.

மழைக் காலம் வந்தால் தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் நடக்கின்றன. ரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், பாராட்டத்தக்க காரியம். அதோடு இன்னும் ஒன்று செய்யலாம். காய்ச்சல் விட்டு ஒரு மாதமான பிறகும் நிற்க முடியவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்பவர்களை மறுபடி வரவழைத்து, படுக்க வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் நாடியை எண்ணி, அந்த இரண்டு எண்களையும் சீட்டில் எழுதித் தரலாம். அடுத்த டாக்டரிடம் போகும்போது அவர்கள் கையில் அந்தச் சீட்டு இருக்கும்.